மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று: மன்னார்குடியில் நடந்த தோட்டா விசாரணை

டெக்சாஸ் மாநிலத்தின் வளைகுடாக் கரையை ஒட்டிய சமவெளியில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே எல் கேம்போ, வார்ட்டன், பே சிட்டி ஆகிய ஊர்களைச் சுற்றி நெல் விளைகிறது என்று சொன்னால் எங்கள் உறவினர் பலர் முதலில் நம்புவதில்லை. களிமண், மேடு பள்ளமில்லாத பரப்பு, வரப்பு, வாய்க்கால், மடை, ஆடி ஆவணியில் அறுவடை, அதன் பிறகு அதே தாளில் மறுதாம்பு என்று எல்லாமே அங்கும் உண்டு. மேலணைகளில் நீர் குறைந்து 2012-இல் கொலராடோ ஆற்றின் கீழ்ப்பாசன நெல்லுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் மன்னார்குடித் தேநீர்க் கடைகளில் நடக்கும் பேச்சுதான் அங்கும் நடந்தது. அங்கே குடியேறிய எனக்குப் புதியவையாக இருந்தவை இரண்டு: ஓர் இரவில் வரப்பை உழுதுபோட்டதைப் போலக் கிளறிவிட்டுப் போகும் பன்றிக் கூட்டம், அதைச் சுடுவதற்காக ஒவ்வொரு நிலத்துக்காரரின் வண்டியிலும் கிடக்கும் ரைஃபிள்.

தை மாதத்தில் ஊருக்கு வரும்போது இதைப் பற்றிய விசாரணை எங்கள் வீட்டில் தவறாமல் நடக்கும். பெரியப்பாவிடம் ஒரு காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் வகை. ஆகையால் அவருடைய கேள்விகள் விவரம் அறிந்தவர் கேட்கும் கேள்விகள்: குண்டு எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் போகும், தோளை எப்படி இடிக்கும். இவ்வாண்டு அண்ணன் மகன் மேற்படிப்புக்கு ஓஹாயோ புறப்படவிருப்பதால் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மானுக்கும் பன்றிக்கும் எந்தத் தோட்டா என்று அவர்கள் இருவருக்கும் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்கள் இதைத் தங்களுக்கான ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே மானையும் காட்டுப்பன்றியையும் தனியார் வேட்டையாடுவது குற்றம். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமானும் புள்ளிமானும் பன்றியும் இருக்கின்றன என்பதற்காக வேதாரண்யத்துக் கடலைக்கொல்லைக்காரர் துப்பாக்கியைத் தூக்க முடியாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025 சனவரியில் அனுமதித்ததும் வனத்துறையினருக்குத்தான்.

டெக்சாஸில் நிலைமை வேறு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகளின் சந்ததியும், பிற்காலத்தில் வேட்டைக்கென்று இறக்கிவிடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்து பெருகிய கூட்டம் அது. அயலினம் என்பதால் அதற்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை; 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவு இருந்தால் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. வெண்வால் மானுக்கோ உரிமம் வேண்டும், சுட்ட மானில் கட்டும் குறிச்சீட்டு வேண்டும், பருவம் பார்க்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து மறைவுக்கு அரை மணி நேரத்துக்குப் பின்பு வரை மட்டுமே சுடலாம்.

குடியேறியவர்கள் வழுக்கி விழக்கூடிய இடம் இதில்தான் இருக்கிறது. மாணவர் விசா, எச்-1பி என்னும் வேலை விசா போன்றவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய நடப்பு வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. பன்றிக்கு உரிமம் வேண்டாம் என்ற மாநில விதியை நம்பி, உரிமம் எடுக்காமலேயே நண்பரின் ரைஃபிளைக் கையில் வாங்கும் விசாக்காரர், மாநிலச் சட்டத்தில் தப்பித்துக் கூட்டாட்சிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார். நான் கிரீன் கார்டு வரும் வரை காத்திருந்தேன். ஒரு பன்றிக்காகக் குடியேற்றக் கோப்பைப் பணயம் வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இனி தோட்டாவுக்கு வருவோம். டெக்சாஸில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர்கள் .308 வின்செஸ்டரும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும்தான். முன்னது 1952-இலும் பின்னது 1906-இலும் வந்தவை. பெயரின் தொடக்கத்தில் வரும் எண் ஏறத்தாழக் குண்டின் விட்டம், புள்ளியில் தொடங்கினால் அங்குலக் கணக்கு; இந்த அளவைத்தான் காலிபர் என்பார்கள். இரண்டும் மானையும் பன்றியையும் ஐயமின்றி வீழ்த்தும். பிறகு ஏன் வேறொன்றைத் தேட வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். பதில் விலங்கிடம் இல்லை. சுடுபவரின் தோளிலும் நிலத்தின் அமைப்பிலும் கடையின் அலமாரியிலும் இருக்கிறது. 2020, 2021 ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் தோட்டாக்கள் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தன; எல்லோரும் வாங்கும் அளவுகளே முதலில் காணாமல் போயின. மாற்று அளவுகளைப் பற்றிய அக்கறை பலருக்கு அந்த வெற்று அலமாரிகளைப் பார்த்த பிறகே வந்தது.

துப்பாக்கிக்குப் பழகாத நடுவயதுக்காரர் .30-06-இல் தொடங்கினால், அதன் உதைக்கு அஞ்சி விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடும் பழக்கம் வந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பழக்கத்தை விடுவது கடினம். அதனால் நான் 7 மி.மீ.-08 ரெமிங்டனைத் தேர்ந்தெடுத்தேன். .308-இன் கூட்டையே, அதாவது மருந்து நிறைக்கும் பித்தளை உறையையே, கழுத்தில் சற்று இறுக்கி 7 மி.மீ. குண்டைப் பொருத்தி 1980-இல் ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்ட அளவு அது. 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம் குண்டை விநாடிக்கு 2,800 அடி வேகத்தில் செலுத்தும், உதையோ .308-ஐ விடக் குறைவு. அதே கூட்டை 6 மி.மீ. வரை இறுக்கினால் 1955-இல் வந்த .243 வின்செஸ்டர். கும்பகோணத்து நண்பர் ஒருவரின் மனைவி அதைத்தான் வைத்திருக்கிறார், மானுக்கு அருமையானது. ஆனால் பெரிய ஆண்பன்றி குறுக்கே திரும்பி நிற்கும்போது .243-ஐ நம்பிச் சுடுவதை நான் விரும்ப மாட்டேன்.

2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் இன்று எல்லாக் கடைகளிலும் இருக்கிறது, இளைஞர்கள் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நெடுந்தூரத்தில் காற்றை வெட்டிச் செல்வதில் அதற்கு நிகர் குறைவுதான். ஆனால் நாங்கள் பரணில் உட்கார்ந்து சுடும் தூரம் பெரும்பாலும் 100 கஜம். 150-ஐத் தாண்டுவது அரிது. அந்தத் தூரத்தில் கிரீட்மோருக்கும் 7 மி.மீ.-08-க்கும் உள்ள வேறுபாட்டை மான் உணரப் போவதில்லை.

பரண் என்றதும் பெரியப்பா அது புலிக்குக் கட்டுவதல்லவா என்றார். சமவெளியில் பரண் வெறும் மறைவிடம் அன்று, பாதுகாப்புக்கு அவசியமான ஒன்று. .30-06 போன்ற ரைஃபிளின் குண்டு தடுப்பின்றிச் சென்றால் ஏறத்தாழ மூன்று மைல் போகும். குன்றோ மேடோ இல்லாத நெல்வயலில் நின்றுகொண்டு கிடைமட்டமாகச் சுடுவது, மன்னார்குடியில் சுட்டுவிட்டு அடுத்த ஊரில் யார் தலையில் விழும் என்று தெரியாமல் இருப்பதற்குச் சமம். பத்தடி உயரத்தில் உட்கார்ந்தால் குண்டு கீழ்நோக்கிப் பாய்ந்து விலங்கைக் கடந்ததும் மண்ணில் புதைந்துவிடும். என் நிலத்துக்காரர் முதல் நாள் இதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வேறு எதையும் சொல்லிக் கொடுத்தார்.

பன்றி தனிக்கணக்கு. மானின் நெஞ்சுக்கூட்டில் தோளுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்தால் நுரையீரல் அகப்படும். அதே இடத்தில் பன்றியைச் சுட்டால் குடலில் படும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் பன்றியின் இதயமும் நுரையீரலும் கீழேயும் முன்னேயும், முன்னங்கால்களுக்கு இடையில் அமைந்திருக்கின்றன. வளர்ந்த ஆண்பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் கேடயம் போன்ற ஒரு தடித்த பாளம் இருக்கும். தோலுரிக்கும்போது அதை அழுத்திப் பார்த்திருக்கிறேன்: தீட்டிய கத்தி, வயிற்றுப் பக்கம் தாளைப் போலக் கிழித்துக்கொண்டு வந்த அதே கத்தி, அந்த இடத்தில் இறங்க மறுத்து நின்றது. பன்றிகள் ஒன்றோடொன்று தந்தத்தால் மோதிக்கொள்வதற்கு இயற்கை கொடுத்த காப்பு அது. இதை ஊடுருவுவதற்குக் காலிபரின் பருமனைவிடக் குண்டின் கட்டமைப்பே முக்கியம். பட்டதும் சிதறும் மெல்லிய உறைக் குண்டு மானுக்குப் போதும். பன்றிக்கு ஈயமும் உறையும் பிரியாமல் பிணைத்த குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு வேண்டும். கடைக்காரர்கள் காலிபரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், இதைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள். தோலுரிக்கும்போது கையுறை அணிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பன்றிகளிடம் புரூசெல்லா நோய் உண்டு, அது கைக்காயத்தின் வழியாக மனிதருக்குத் தொற்றும்.

இரவில் வயலுக்கு வரும் பன்றிக்குப் பலரும் வைத்திருப்பது .300 பிளாக்கவுட். .223 தோட்டாவின் கூட்டை வெட்டிக் குறுக்கி, .30 அளவுக் குண்டைப் பொருத்திய அமைப்பு. குட்டையான குழலிலேயே மருந்து முழுவதும் எரிந்துவிடும், 100 கஜத்துக்குள் நன்றாக வேலை செய்யும். இதன் ஆபத்தைப் பெரியப்பாவுக்கு மேசையில் இரண்டு பேனாக்களை வைத்து விளக்கினேன். .223-உம் .300 பிளாக்கவுட்டும் அடியில் ஒரே பருமன், ரைஃபிளில் செருகும் ஒரே தோட்டாப் பெட்டியில் (மேகசின்) நிற்கும். இருட்டில் தவறிப்போய் .300 தோட்டா .223 ரைஃபிளுக்குள் சென்றால் சில சமயம் குழலின் பின்புறத்தை அடைக்கும் கதவு (போல்ட்) மூடிவிடும். விசையை இழுத்தால் ஒடுங்கிய குழலில் பருத்த குண்டு சிக்கி ரைஃபிள் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் தோட்டாப் பெட்டிகளில் வேறு வேறு நிற நாடா ஒட்டி, ஒரே இரவில் இரண்டையும் எடுத்துச் செல்லாமல் இருக்கிறார்கள். நான் .300-ஐ வாங்கவே இல்லை. அடர்ந்த புதருக்குள் பன்றி பார்க்கப் போகும் நாட்களுக்கு 1895-இலிருந்து வரும் .30-30 நெம்புகோல் ரைஃபிள் ஒன்று போதுமானதாக இருக்கிறது. .45-70, .450 புஷ்மாஸ்டர் ஆகிய பருத்த குண்டுத் தோட்டாக்கள் பன்றியை நின்ற இடத்தில் படுக்க வைக்கும். தோளையும் சும்மா விடாது.

சட்டம் தோட்டாவை முடிவு செய்வது நம் நாட்டுக்கும் புதிதன்று. வெள்ளையர் ஆட்சியில் படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடை இருந்ததால், ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் வழியில் வந்த .315 இங்கே வேட்டைக்காரர்களின் அளவாயிற்று. பிற்காலத்தில் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை ரைஃபிளும் அதே .315-இல்தான் வந்தது. பெரியப்பா அதைத் தம் இளமையில் ஒரு பண்ணையார் வீட்டில் பார்த்ததாகச் சொன்னார்.

ஓஹாயோவிலும் அப்படித்தான். கழுத்து ஒடுங்கிய தோட்டாக்களின் குண்டு நெடுந்தூரம் போகும் என்பதால், மக்கள் நெருங்கி வாழும் அம்மாநிலத்தில் மான் வேட்டைக்கு அடிமுதல் நுனிவரை நேராக இருக்கும் கூடு கொண்ட தோட்டாக்களையே ரைஃபிளில் அனுமதிக்கிறார்கள். ஆகவே என் 7 மி.மீ.-08 அங்கே மானுக்கு உதவாது. இத்தகைய மாநிலங்களை மனத்தில் வைத்தே வின்செஸ்டர் நிறுவனம் 2019-இல் .350 லெஜண்ட் என்னும் நேர்க்கூட்டுத் தோட்டாவை வெளியிட்டது. 150 கஜம் வரை மானுக்குத் தாராளம், உதையும் மென்மை. அண்ணன் மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: முதல் ஆண்டு படிப்பைப் பார், பிறகு ஆசை இருந்தால் பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து, விசா நிலையை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள், தங்கும் ஊரின் கடையில் .350 தோட்டா தொடர்ந்து கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ரைஃபிளை வாங்கு. வாங்கும் ஒவ்வொரு பெட்டித் தோட்டாவின் மீதும் உற்பத்தியாளர் கட்டும் 11 விழுக்காடு வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது என்றதும், இங்கேயும் அப்படி ஒன்று இருந்தால் கோடியக்கரையில் வேலியாவது போட்டிருப்பார்கள் என்றார் பெரியப்பா.