பன்றி குத்திப்பட்டான் கல்: கடைசி வரி இன்னும் வரவில்லை

செத்த வீரன் நினைவாக நட்ட பழைய நடுகல் ஒன்றில், ஈரத்தாளை ஒட்டி மேலே மை ஒற்றி எழுத்தைப் படி எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேல் வரிகள் இந்தத் தடவை சுத்தமாக விழுந்துவிட்டன. கருப்புக்கு நடுவில் எழுத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாக, 'ஸ்ரீ'யின் சுழி உட்பட. கடைசி வரிதான் மறுபடியும் கைவிட்டுவிட்டது. அந்த இடத்தில் மட்டும் தாள் கல்லைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

கல் இருப்பது கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி போகிற பக்கம். ஊர்ப் பேரைப் போட வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று ராத்திரியில் தோண்ட வருகிற கூட்டம் இருக்கிறதே, அந்தப் பயம். நம்ம பக்கத்து வழக்கப்படி வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஒரு ஆள் குறுவாளால் பன்றியைக் குத்துகிறான், பன்றியின் பின்காலை நாய் கவ்வுகிறது. எழுத்தைப் பார்த்தால், குந்தாணியில் இருந்துகொண்டு ஹொய்சள அரசன் வீர ராமநாதன் ஆண்ட 13ஆம் நூற்றாண்டுக் கடைசியாக இருக்கலாம் என்று எங்கள் குழுவை நடத்துகிற வாத்தியார் சொல்கிறார். வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தாக இருந்திருந்தால் நான் கிட்டேயே போயிருக்க மாட்டேன்.

கும்பிடுகிற கல்லில் படி எடுத்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மஞ்சள், குங்குமம், சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் மேலே பல தலைமுறை எண்ணெய். ஈரத்தாளை ஒட்டினால் எண்ணெய் அதைத் தள்ளிவிடுகிறது. கம்பி பிரஷ், ஆசிட் எல்லாம் நினைத்தே பார்க்கக் கூடாது. கடைசியில் வழி சொன்னது அந்த ஊர்ப் பெரியம்மாதான். "சாமிக்குத் தலைக்கு ஊத்திவிடலாம்மா, அதுக்கென்ன" என்று சீயக்காய்த் தூளைக் கரைத்துக்கொண்டு வந்தார். தேங்காய் நாரால் அவர்களே தேய்த்தார்கள், நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். எண்ணெய் முக்கால்வாசி போய்விட்டது. பூசையாகவும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று.

இனி டேபர் கதை, மை ஒற்றுகிற துணி உருண்டை அது. இதைப் பற்றி யாரும் விவரமாக எழுதியதை நான் பார்த்ததில்லை. நான் டெய்லர் என்பதால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துணி சம்பந்தப்பட்ட சாமானைக் காசு கொடுத்து வாங்க மாட்டேன். முதலில் கடையில் கிடக்கிற கட்டிங் வேஸ்ட்டை அடைத்துப் பார்த்தேன். உள்ளே முடிச்சு முடிச்சாக இருந்து, மை திட்டுத் திட்டாக விழுந்தது. இலவம்பஞ்சு நன்றாக இருக்கும், ஆனால் நாலு எழுத்து ஒற்றுவதற்குள் தட்டையாகி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இப்போது நடுவில் இலவம்பஞ்சு, சுற்றிலும் பழைய பனியன் துணிக் கீற்று, அதன் மேல் ஜாக்கெட்டுக்குப் போடுகிற காட்டன் லைனிங், எல்லாவற்றுக்கும் வெளியே துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி. புது வேட்டி கஞ்சி விடாது, மையும் குடிக்காது. பாப்ளின் நெசவு இறுக்கம், மை மேலேயே நிற்கும். முக்கியமானது, ஒற்றுகிற முகத்தில் தையலோ மடிப்போ வரவே கூடாது. எல்லாச் சுருக்கத்தையும் பின்னால் இழுத்துக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஒரு மடிப்பு முன்னால் வந்தாலும் அது தாளில் கோடாக விழும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அதை ஒரு எழுத்தின் கால் என்று படித்துக்கொண்டிருப்போம்.

மையை ஒரு டைல்ஸ் துண்டில் தடவி, டேபரை அதில் ஒற்றி, வேஸ்ட் பேப்பரில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கல்லுக்குப் போகணும். தண்ணியாக இருந்தால் தாளைத் தாண்டிச் சாமி மேலேயே கறை இறங்கிவிடும், அப்புறம் அந்த ஊரில் கால் வைக்க முடியாது. தாளின் ஈரமும் அப்படித்தான், இஸ்திரி போடுவதற்குத் தண்ணீர் தெளித்து மடித்து வைத்த துணியின் பதத்தில் இருக்கணும். அதற்கு முன்னால் தொட்டால் மை பரவும், பின்னால் தொட்டால் தாள் கல்லை விட்டுக் கிளம்பும். அந்தப் பதம் நிற்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். ஆடிக் காற்றில் அதுவும் கிடையாது. நாங்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம், சேலை பறந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம்தான் எனக்கு வேண்டியதே. எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். அவர் பார்த்த வேலை போயிற்று. யூனிபார்ம் சீசனில் வருகிற காசை வைத்து மீதி மாதங்களை ஓட்ட வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்து ஆர்டர் அடுத்த வருஷம் கை மாறும் என்று சொல்ல முடியாது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் கால் பாட்டுக்கு மிதிக்கும், மனசு பாட்டுக்குக் கணக்குப் போடும். ஈரத்தாள் முன்னால் கணக்குப் போட முடியாது, போட்டால் காய்ந்துவிடும். தைரியம் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லாரையும்விட இந்தத் தாள் எனக்கு உபயோகமாக இருந்தது.

படியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சத்தம் போட்டு எதையாவது படிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேப்பர் படிக்கச் சொன்னால் எரிச்சல் வரும் அவருக்கு. இதை மட்டும் இடது கை விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்கிறார். முதல் வார்த்தையே 'ஸ்வஸ்திஸ்ரீ'. நல்லா இருக்கிற நாக்கே தடுக்கும். அதை முழுசாகச் சொன்ன அன்றைக்கு அவரே சிரித்துவிட்டார். 'பன்றி குத்திப் பட்டான்' (பட்டான் என்றால் செத்தான்) என்ற இடத்தை எனக்கு முன்னால் கண்டுபிடித்ததும் அவர்தான். நான் அதைப் 'பன்றிக்கு' என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிக்கு ஏன் இத்தனை பாடு என்றால், செத்தவனைப் பற்றி மேலேயே சொல்லியாகிவிட்டது. இருந்தவர்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் கீழேதான் சொல்லியிருப்பார்கள். சண்டையில் விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டதை உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுகளில் எழுதுவது உண்டு. கன்னடக் கல்வெட்டுகளில் நெத்தரு கொடகெ. அந்தக் குடும்பம் அடுத்த போகத்துக்கு என்ன செய்தது என்பதுதான் எனக்குத் தெரியணும். கல் செதுக்கவே கூலி ஆகியிருக்கும். அதை யார் கொடுத்தார்கள்? பன்றி மேய்ந்த கொல்லையை மறுபடி யார் உழுதார்கள்? வீரன், வீரன் என்றே பேசுகிறார்கள் எல்லாரும். எனக்கு அவன் பொண்டாட்டி நினைப்புதான். இன்றைக்கும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் பயந்து ராகிக் கொல்லையில் பரண் போட்டு ராத்திரி கண் விழிக்கிறார்கள், அந்த வீடுகளிலும் இதே நினைப்போடுதான் படுப்பார்கள்.

இந்தப் படியில் கடைசி வரியில் 'ட்டி' மாதிரி ஒன்று தெரிகிறது. வாத்தியாரிடம் காட்டினேன். "ஆசைப்பட்டதைப் படிக்காதேம்மா, கல்லுல இருக்கறதைப் படி. அது 'டி'யா, பொரிஞ்ச கல்லா?" என்றார். அவர் சொல்வது சரி. ஆனாலும் எனக்கு அது 'ட்டி'தான்.

இடையில் ஒன்று. நாய் உள்ள நடுகல் பிடிக்கும் என்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றித் தேடிப் பாருங்கள். மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காகச் செத்த கதை. கூடவே கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாயின் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள், கோவிவன் என்று. எங்கள் கல்லின் நாய்க்குப் பேர் இருந்தாலும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும். அதுவும் ஒரு ஆசை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

அடுத்த திட்டம். அந்த வரியில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. தைப் பொங்கல் கழித்து வேடியப்பனுக்குப் பூசை போடும்போது முன்பக்கம் ஒரு சாண் மண்ணை விலக்கிக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், அவர்கள் கண் முன்னாலேயே. அதற்குள் ஒரு நாள் இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து போட்டோ எடுத்துப் பார்க்கணும். தேய்ந்த எழுத்துக்கு நிழல்தான் சாட்சி. பனி மாதத்துக் காலையில் காற்றும் இருக்காது, தாளும் பதம் நிற்கும். கிழிகிற இடத்தில் ஈரத்துண்டை மேலே வைத்து அடித்துக்கொள்ளலாம், அது பழகிவிட்டது.

படி எடுக்கிற மேப்லித்தோ தாளை உதிரியாகக் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்கள் கடைகளில். ரீமாகத்தான் எடுக்கணுமாம். சேலத்தில் விலை கொஞ்சம் குறைவு, ஆனால் பஸ்ஸில் சுருட்டிக்கொண்டு வந்தால் ஓரம் நசுங்குகிறது. அதற்காகக் கித்தான் துணியில் நீளப் பை ஒன்று தைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் துணிக் காசு மட்டும் கொடுங்கள், தைத்துத் தருகிறேன். பாதி ரீம் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தால் கார்த்திகைக்குள் சொல்லிவிடுங்கள். தாளை மடிக்காமல் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள், எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே படிச்சுருள்தான்.