விரலுக்கு எது கஷ்டம், காதுக்கு எது கஷ்டம்: பியானோ நாட்குறிப்பு

ஜூன் 3

இசையமைப்பாளர் ஷோபானின் பியானோ படைப்பு, ஃபான்டஸி இம்ப்ராம்ப்டு. 1834-இல் எழுதியும் அவர் வெளியிடவில்லை. அச்சேறியது 1855-இல், அவர் இறந்த பிறகு. கேட்கப் புயல் மாதிரி இருந்தாலும் வலது கை நோட்டுகள் விரலுக்கு வாகாகவே விழும். சிக்கல் தாளத்தில்தான்: ஒரே அடிக்குள் வலது கை தகதிமி (நான்கு நோட்டு), இடது கை தகிட (மூன்று). மிருதங்கம் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மற்றவர்கள் அடியைப் பன்னிரண்டாகப் பிரிக்கலாம். வலது கை 1, 4, 7, 10. இடது கை 1, 5, 9. விழும் வரிசை: இரண்டும் சேர்ந்து, வலம், இடம், வலம், இடம், வலம். மெட்ரோநோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 40 அடி.

ஜூன் 4

அந்தக் கணக்கு வேகம் 60 வரைதான் உதவும். அதற்கு மேல் எண்ணினால் கை தடுக்கும். ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் இரு கையும் ஒன்றாக விழுகிறதா என்று பார்த்தால் போதும். இதிலும் ஒரு குசும்பு: வலது கை நுழையும் 5-ஆம் பாரில் (தாளத்தின் ஒரு சுற்று) முதல் நோட்டே கிடையாது, அங்கே ஓய்வு. பிடித்துக்கொள்ள இடது கை மட்டுமே.

வழக்கமான பிழை, இடது கையின் மூன்று நோட்டும் சமமாக இல்லாமல் வலது கையை ஒட்டி இழுபடுவது. வாசித்துக்கொண்டே வலது கையைச் சட்டென்று எடுத்துவிட்டால், இடது கை நொண்டுவது அப்பட்டமாகக் கேட்கும்.

ஜூன் 9

ஷோபானின் எட்யூட் (பயிற்சிப் படைப்பு), ஓபஸ் 10, எண் 2. மேலே சொன்னதெல்லாம் இதன் பக்கத்தில் விளையாட்டு. வெள்ளை, கறுப்புக் கட்டை எல்லாவற்றையும் வரிசையாகத் தொடும் க்ரோமாட்டிக் ஸ்கேலை வழக்கமாகக் கட்டைவிரல் தாங்கும். இங்கே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடிதோறும் சின்ன கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) போடுவதில் மாட்டிக்கொள்கின்றன. ஸ்கேல் முழுக்க 3, 4, 5 விரல்களின் (நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல்) தலையில். ஏறும்போது நடுவிரல் மற்ற இரண்டையும் தாண்ட வேண்டும். இறங்கும்போது அவை நடுவிரலுக்கு அடியில் நுழைய வேண்டும். ஷோபான் குறித்த வேகம் 144, அடிக்கு நான்கு நோட்டு.

முதலில் ஸ்கேல் மட்டும், 60-இல், கார்ட் இல்லாமல். ஓசை சமமான பிறகே கார்ட். அதைத் தொட்டதும் விட வேண்டும். அழுத்திப் பிடித்தால் கட்டைவிரல் பூட்டிக்கொள்ளும், மணிக்கட்டு விறைக்கும், பத்துப் பார் தாண்டுவதற்குள் முன்கை எரியும். எரிச்சலோடு தொடர்வது பயிற்சி அல்ல, காயத்துக்கு வழி. அன்றைக்கு அத்தோடு மூடிவிட வேண்டியதுதான்.

ஜூன் 12

ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் லா காம்பனெல்லா, 1851 வடிவம். இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) வரை தாவல். பயமுறுத்தும், ஆனால் போய் விழும் மேல் நோட்டு பெரும்பாலும் ஒரே கறுப்புக் கட்டை. கைக்குத் தூரம் பழகிவிடும். கஷ்டத்தில் ஓபஸ் 10, எண் 2-க்குக் கீழேதான் இதை வைப்பேன்.

ஜூன் 18

ஷூமனின் ட்ராய்மெராய், 1838. வெறும் 24 பார், மெதுவான வேகம், பிள்ளைகள்கூட வாசிக்கிறார்கள். நன்றாக வாசித்துக் கேட்பது அபூர்வம்.

பியானோவில் அடித்த நோட்டு அந்தக் கணமே தேயத் தொடங்கும். முதல் பாரில் மெலடியின் நீண்ட எஃப் நோட்டு தேய்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் அடியில் கார்ட் வருகிறது. அது ஒரு இழை கூடினாலும் மெலடி செத்துவிடும். அடுத்த மெலடி நோட்டு, தேய்ந்து நிற்கும் ஓசையின் மட்டத்திலிருந்து கிளம்ப வேண்டும். புது பலத்தோடு அடித்தால் துருத்தும். பயிற்சி: மேல் நோட்டை மட்டும் ஒலிக்கவிட்டு, மற்ற விரல்களைக் கட்டையின் மேல் ஓசையில்லாமல் வைப்பது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓசை சேர்ப்பது.

இடது கைக்குப் பத்தாம் இடைவெளி (பத்து வெள்ளைக் கட்டை அகலம்) எட்டாவிட்டால் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து வாசிக்கலாம். ஆனால் பாஸ் (அடி) நோட்டை விரல் விடுவதற்குள் ஓசையை நீட்டும் பெடல் இறங்கியிருக்க வேண்டும். பெடல் பிந்தினால் அடித்தளமே காணாமல் போகும்.

ஜூன் 19

ட்ராய்மெராயில் மெலடியின் அதே ஏற்றம் முதலில் எஃப் வரை, அடுத்த முறை அதைவிட உயர்ந்த ஏ வரை. இரண்டையும் ஒரே பலத்தில் ஏறினால், 22-ஆம் பாரில் உச்சியில் நிற்கச் சொல்லும் ஏ-வுக்குப் போக இடமிருக்காது. அந்த நோட்டில் சத்தத்தைக் கூட்டுவதைவிட, வந்து சேருவதைத் தாமதிப்பதே சரி.