ஐந்து நாளில் திரும்பிய கடிதம்

2000ஆம் ஆண்டு இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து கேரளத்துக் குளத்துப்புழைக்கு மருமகளாக வந்தேன். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்த குடும்பம் மாமாவுடையது. அவர்களைப் போன்றோருக்காக 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் இங்கே விடியலில் ரப்பர் பால் வெட்டின. பேச்சு மட்டும் லயத்துப் பேச்சாகவே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பேச்சாகவே இருந்தது. அதனால்தான் எனக்கு மூச்சு வந்தது.

அத்தானுக்குக் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத். இலங்கைக்கு ஐ.எஸ்.டி. பேச யாருக்கும் கட்டுப்படியாகாது. பொறியியல் படித்த கொழுந்தன் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, தொலைபேசி வழியாக இணையத்தில் சேர்க்கும் 56கே மோடத்தையும் இணைத்துக் கொடுத்தான். அவரவர் சொல்லச் சொல்ல, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வைப்பேன். இரவு ஒரே அழைப்பில் எல்லாம் மின்னஞ்சலாகப் போகும். கொழும்பில் வேலை பார்த்த என் அக்கா அவற்றை அச்செடுத்து மலையகத்துக்குத் தபாலில் சேர்ப்பாள்.

முதல் மாதம் பாதிக் கடிதங்கள் போகவே இல்லை. எங்கள் கணினியில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளான செண்ட்மெயில் ஒவ்வொரு கடிதத்துக்கும் பெறுபவரின் சேவையகத்தைத் தானே தேடிப் போய்க் கதவைத் தட்டியது. ஒவ்வொரு முறை இணையும்போதும் எங்களுக்கு வேறொரு ஐபி எண், அதாவது இணைய முகவரி. குப்பை மடல் அனுப்புகிறவர்களும் இப்படித்தான் வருவார்கள் என்பதால், இப்படித் தொலைபேசி வழியாக இணைவோரின் ஐபி எண்களைப் பட்டியலிட்டு வைத்து மறுக்கிற சேவையகங்கள் இருந்தன. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க நான் தனியாகப் போனபோதும் அதே கதைதான். மாமா கூட வந்த பிறகே மனுவை வாங்கினார்கள்.

"அண்ணி, நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். இணைப்புக் கொடுப்பவரின் சேவையகத்திடம் ஒப்படைத்துவிடலாம்" என்றான் கொழுந்தன். அமைப்புக் கோப்பில் டி, எஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சேவையகத்தின் பெயரை எழுதினான். அவ்வளவுதான். அதன்பின் எல்லாக் கடிதமும் ஒரே வாசல் வழியாகப் போயிற்று.

வரிசையில் காத்திருக்கும் கடிதம் கணினியின் வன்வட்டில் இரண்டு கோப்புகளாக இருக்கும். டிஎஃப் என்று தொடங்குவதில் உள்ளடக்கம், க்யூஎஃப் என்று தொடங்குவதில் யாரிடமிருந்து யாருக்கு என்ற விவரம். தாளும் உறையும் தனித்தனியாகக் கிடப்பதுபோல. இரவில் வரிசையைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஆனால் அந்த ஜூன் மழையில் தொலைபேசி ஒரு வாரம் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு அப்பாயி, ஹட்டனில் படுத்த படுக்கையாக இருந்த தம்பிக்கு ஒரு கடிதம் சொல்லியிருந்தார். "போய்விட்டதா அம்மாடி?" என்று தினமும் கேட்டார். வரிசையில்தானே இருக்கிறது, போய்விடும் என்ற நம்பிக்கையில் "போய்விட்டது" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. செண்ட்மெயில் மணிக்கொரு முறை முயன்று தோற்றது. நான்கு மணி நேரத்திலேயே எச்சரிக்கை வந்திருக்கிறது, நான் படிக்காமல் விட்டேன். ஐந்து நாள் முடிந்ததும் கடிதம் எனக்கே திரும்பி வந்தது.

அப்பாயியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கடிதத்தை மறுபடி வரிசையில் வைத்தேன். கொழுந்தன் காத்திருக்கும் காலத்தைப் பத்து நாளாக்கினான். இணைப்புக் கிடைத்த பிறகே வரிசையைக் கிளப்பும்படியும் மாற்றினான்.

எட்டாம் நாள் இரவு தொலைபேசிக்கு உயிர் வந்தது. அப்பாயி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். மோடம் கிறீச்சிட்டு அடங்கியது. வரிசையில் பதினோரு கடிதங்கள். ஒவ்வொன்றாகக் குறைவதை அவருக்கு வாசித்துச் சொன்னேன். கடைசியில் வரிசை காலி என்று திரையில் வந்தது.

"இப்போது நிஜமாகவே போய்விட்டதா?"

"போய்விட்டது அப்பாயி" என்றேன். அதன் பிறகுதான் அவர் குடையை எடுத்தார்.