கவனகஜிமாவுக்கு ஒரு தகேதா படை: முகம் பிறகு, கொடி முதலில்

சாமுராய் மினியேச்சர் பக்கம், அதாவது குட்டிப் போர்வீரப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடித்து மேஜையில் போர் ஆடும் பக்கம், புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் குலம் எடுக்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் வருஷத்தை முடிவு பண்ண வேண்டும். தகேதா குலம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இறங்கினால் சிவப்புக் கவசம், குதிரைப்படை, மரவேலி, துப்பாக்கி எல்லாம் சேர்ந்து கதம்பமாகிவிடும். நான் எடுத்துக்கொண்டது 1561இல் ஜப்பானில் நடந்த நான்காவது கவனகஜிமா போர். ஒரு பக்கம் தகேதா குலத் தலைவர் ஷிங்கென், எதிர்ப்பக்கம் உஎசுகி கென்ஷின். (அப்போது அவருக்கு அந்தப் பெயரே இல்லை, 1570இல்தான் வைத்துக்கொண்டார். மேஜையில் எல்லோரும் கென்ஷின் என்றே சொல்கிறோம்.)

வருஷம் முடிவானதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மரவேலி வேண்டாம். அது 1575இல் நகஷினோ போரில், ஷிங்கென் இறந்து மகன் கத்ஸுயோரி படை நடத்திய காலத்தில், எதிரியான ஓதா நொபுனகா அடித்து நிறுத்தியது. துப்பாக்கி வேண்டும், ஆனால் கொஞ்சம். 1543இல் போர்த்துக்கீசியர் மூலம் தனேகஷிமா தீவுக்கு வந்த துப்பாக்கி, பன்னிரண்டே ஆண்டில் ஷிங்கென் கைக்கு வந்துவிட்டது. 1555இல் அசாஹியாமா கோட்டைக்கு அவர் அனுப்பிய உதவிப்படையில் 300 துப்பாக்கி இருந்ததாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. தகேதா ஆட்களுக்குத் துப்பாக்கியின் அருமை தெரியவில்லை, அதனால்தான் அழிந்தார்கள் என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு வந்தால், கோயோ குன்கன் என்ற தகேதா குல வரலாற்றேட்டின் கணக்கைத்தான் பெரும்பாலும் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஷிங்கெனிடம் 20,000 பேர், கென்ஷினிடம் 13,000 பேர். இதை அப்படியே நம்பலாமா என்பது வேறு வழக்கு, ஆனால் மேஜைக்கு இதைவிட வசதியான கணக்கு கிடைக்காது. ஒரு பேஸுக்கு (பொம்மைகளை ஒட்டி வைக்கும் சின்னத் தட்டு) 1,000 பேர் என்று வைத்தால் உஎசுகிக்கு 13, தகேதாவுக்கு 20. பேஸ் 60 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழம். பொம்மைகள் 1/72 அளவுப் பிளாஸ்டிக், ஆள் உயரம் 23 மி.மீ. அளவுக்கு வரும். 28 மி.மீ. உலோகப் பொம்மையின் அழகு இதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். உலோகத்தில் 33 பேஸ் என்றால் வீட்டில் பதில் சொல்லி மாளாது.

பெயிண்ட் வேலையில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல்தான் மற்றதெல்லாம். அஷிகரு எனும் காலாட்கள் அணிந்தது பெரும்பாலும் தலைவன் இரவல் கொடுத்த கவசம். வழவழப்பான மார்புத் தகடு, அதில் குலச் சின்னம், தலையில் கூம்புத் தொப்பி. கறுப்பு அரக்குப் பூச்சு என்பதால் பிரைமரே பாதி வேலையை முடித்துவிடும். தகட்டின் விளிம்பில் கருநீலம் கலந்த சாம்பலை ஒரு இழு, தொப்பி உச்சியில் ஒரு புள்ளி, முடிந்தது.

சாமுராய்களின் கவசக் கயிறுதான் நேரம் தின்னும். தகடுகளைக் கோக்கும் பட்டுக் கயிற்றை இடைவெளியே இல்லாமல் நெருக்கிக் கட்டுவது பழைய முறை. இந்தப் போர் நடந்த காலத்தில் இரண்டிரண்டு கயிறாக இடைவெளி விட்டுக் கட்டுவது பரவிவிட்டது. நமக்கு நல்லதாயிற்று. தோள் தகட்டுக்கு நாலு ஜோடிக் கோடு போட்டால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். முகத்துக்குத் தோல் நிறம் ஒன்று, மேலே பழுப்பு வாஷ் (தண்ணீராகக் கரைத்த பெயிண்ட்), அவ்வளவுதான். கண்ணில் கருவிழி வைக்கப் போகவில்லை. 23 மி.மீ. ஆளுக்குக் கருவிழி வைத்தால் படை மொத்தமும் பேயைப் பார்த்த மாதிரி முழிக்கும்.

காலாட்களின் நீண்ட ஈட்டி 5 மீட்டர் வாக்கில் இருக்கும். 1/72இல் அது 7 செ.மீ. மென்பிளாஸ்டிக் ஈட்டி அந்த நீளத்துக்கு நிமிர்ந்து நிற்காது. அதனால் கையிலிருந்த ஈட்டிகளை வெட்டியெடுத்துவிட்டு, கையில் ஊசியால் துளை போட்டு ஈர்க்குச்சியைச் செருகினேன். விளக்குமாற்றில் உள்ளே இருக்கும் மெல்லிய குச்சிகளைப் பொறுக்கிக் காயவைத்து, சூப்பர் குளூவை ஒரு தடவை தடவி எடுத்தால் நன்றாக இறுகிவிடுகிறது. நுனிப் பக்கம் இயல்பாகவே ஒடுங்கிப் போவதால் ஈட்டிமுனைக்கு வெள்ளி தொட்டு வைத்தால் போதும்.

இனி கொடி. என் வேலையில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போயிற்று. மற்றவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன். கவசக் கயிறும் கைவாளும் பொம்மையை மூக்குக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். ஆடும்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கிறோம், அந்தத் தூரத்தில் படையைப் படையாகக் காட்டுவது கொடி மட்டும்தான். 1561இல் மலை மேலிருந்து பார்த்த தளபதிக்கும் அதே நிலைமைதான். எந்தப் பிரிவு எங்கே நிற்கிறது, எது பின்வாங்குகிறது என்பதெல்லாம் கொடியை வைத்துத்தான்.

நோபோரி என்பது நெட்டையான கொடி. ஒரு நீளக் கம்பு, அதன் உச்சியில் குறுக்கே ஒரு சின்னக் குச்சி, கொடியின் இரண்டு விளிம்பும் அவற்றில் கட்டப்பட்டிருக்கும். காற்றே இல்லாவிட்டாலும் சின்னம் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஐரோப்பியக் கொடி மாதிரி இதை அலையலையாக வளைத்து வைப்பது தப்பு. மேல் விளிம்பும் கம்புப் பக்கமும் விறைப்பாக இருக்கட்டும், கீழே வெளிமூலை மட்டும் லேசாக மடங்கினால் போதும். கம்புக்கு அதே ஈர்க்குச்சி, குறுக்குக் குச்சிக்குப் பழைய ஒயரை உரித்தெடுத்த செம்புக் கம்பி. கொடி, பிரிண்ட் எடுத்த மெல்லிய தாள். ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து தடவி, ஈரம் இருக்கும்போதே மூலையை மடக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு தாளின் வெட்டுமுனை வெள்ளையாகப் பல்லிளிக்கும். கொடியின் நிறத்தையே மெல்லிய பிரஷால் அந்த ஓரத்தில் ஓட்டினால் தாள் என்பதே தெரியாது.

நாலு சாய்சதுரம் சேர்ந்த தகேதா சின்னத்துக்குப் பிரிண்ட்டே தேவையில்லை. பெரிய சாய்சதுரம் ஒன்றை நிரப்பி, பின்னணி நிறத்தில் குறுக்காக இரண்டு கோடு இழுத்தால் தானாக நாலாகப் பிரிந்துவிடும். முதுகில் செருகும் சஷிமோனோ கொடிகளை எல்லாம் இப்படித்தான் போட்டேன். தூதுவர்களின் கொடிக்குப் பூரான் சின்னம். ஒரு வளைந்த கோடு, இரண்டு பக்கமும் நுணுக்கு நுணுக்காகக் கால்கள், தலையில் இரண்டு மீசை. படையிலேயே எனக்குப் பிடித்த பொம்மைகள் இவர்கள்தான். சண்டையில் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஷிங்கெனின் பெயர்பெற்ற கொடி கருநீலத் துணியில் தங்க எழுத்து. காற்றைப் போல் விரை, காட்டைப் போல் அமைதியாயிரு, நெருப்பைப் போல் சூறையாடு, மலையைப் போல் அசையாதிரு என்று பழைய சீனப் போர்க்கலை நூலாசிரியர் சுன் ட்ஸுவின் வரிகள், மொத்தம் 14 எழுத்து. யமனஷியில் உள்ள எரின்ஜி கோயிலில் அந்தக் கொடியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பிரிண்டரில் தங்கம் வராது, மஞ்சள்தான் வரும். மஞ்சளில் அச்சடித்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் தங்க அக்ரிலிக்கைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். வெளிச்சத்தில் லேசாகத் திருப்பும்போது நீலத்திலிருந்து எழுத்து எழும்பி வருவதற்காகவே இதைச் செய்யலாம்.

அப்படியானால் சிவப்பு? இருக்கிறது. தகேதா தளபதி ஒபு தோரமஸாவின் ஆட்கள் சிவப்புக் கவசம் அணிந்தவர்கள். அவர் 1565இல் செத்த பிறகு அந்தச் சிவப்பு இன்னொரு தகேதா தளபதி யமகதா மசகாகேக்குப் போனது. 1582இல் தகேதா குலமே விழுந்ததும் அவர்களின் எதிரியான தொகுகவா இஎயசு அந்த வீரர்களைத் தன் தளபதி இஇ நவோமஸாவிடம் ஒப்படைக்க, 1600இல் செகிகஹாரா போரில் சிவப்பு எதிர் முகாமிலிருந்தே வந்து நின்றது. என் 1561 படையில் சிவப்பு இரண்டே பேஸ். கறுப்பு பிரைமர் மேல் நேராகச் சிவப்பு அடித்தால் செத்துப்போன நிறமாக வரும். முதலில் செங்கல் பழுப்பு, பிறகு சிவப்பு, விளிம்பில் ஆரஞ்சு.

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியக் குதிரை குட்டை இனம், தோள் உயரம் 130 செ.மீ. அளவு. குதிரை வீரனோடு அவன் ஆட்கள் காலால் ஓடுவார்கள். ஆகவே ஒரு பேஸில் இரண்டு குதிரை, சுற்றி நாலைந்து காலாட்கள் என்று வைத்தேன். வெறும் குதிரையாக நாலை அடுக்கினால் நெப்போலியன் படை மாதிரி ஆகிவிடுகிறது. தரைக்கு மணல், பழுப்பு, மேலே கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் ஒரு தேய்ப்பு (ட்ரை பிரஷ்). இலையுதிர்காலம் என்பதால் காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நார்.

படை ஓரளவு தேறியதும் கீழ்வீட்டுத் தம்பியை உட்காரவைத்து ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தேன். உஎசுகி இன்னும் பாதி பெயிண்ட் ஆகவில்லை, வெற்றுப் பேஸில் பெயர் எழுதி வைத்திருந்தோம். விதிமுறை எளிமையானது. பகடையில் விழும் எண் எவ்வளவோ அவ்வளவு பேஸ்தான் அந்த முறை நகரலாம்.

போரின் சூழ்நிலைதான் இதை ஆடத் தூண்டுவது. கென்ஷின் சாய்ஜோ மலையில் உட்கார்ந்திருக்கிறார். ஷிங்கெனின் ஆலோசகர் யமமோதோ கன்சுகேயின் திட்டப்படி 12,000 பேர் இரவோடு இரவாக மலையின் பின்பக்கம் போக வேண்டும், உஎசுகி படை கீழே ஓடிவர வேண்டும், ஹச்சிமன்பரா சமவெளியில் 8,000 பேரோடு காத்திருக்கும் ஷிங்கென் மடக்க வேண்டும். கென்ஷின் முந்திக்கொண்டு இருட்டிலேயே சிகுமா ஆற்றைக் கடந்து இறங்கிவிட்டார். விடிந்து மூடுபனி விலகியபோது ஷிங்கெனின் கண்ணெதிரே முழு உஎசுகி படை. மலைக்குப் போன 12,000 பேர் வெறும் முகாமைக் கண்டு திரும்பி ஓடிவந்தார்கள். ஆற்றுத் துறையில் அவர்களைத் தடுத்து நின்றது கென்ஷினின் தளபதி அமகசு ககேமோச்சியின் 1,000 பேர்.

ஆக ஆட்டம் தொடங்கும்போது என் பக்கம் மேஜையில் 8 பேஸ்தான். பார்த்துப் பார்த்துச் சிவப்பு அடித்த ஒபுவின் பேஸ்கள் மலைக்குப் போன பிரிவில், அதாவது பெட்டிக்குள். ஐந்தாவது சுற்றிலிருந்து பகடை போட்டு 6 விழுந்தால் அவர்கள் வருவார்கள், அடுத்த சுற்றில் 5ம் செல்லும், இப்படி எளிதாகிக்கொண்டே போகும். மூடுபனிக்கு மடித்த அட்டைகள். 15 செ.மீ. நெருங்கும் வரை அட்டைக்குள் படையா வெறும் அட்டையா என்று தெரியாது.

"அண்ணா, இந்த அட்டை எல்லாத்தையும் நீங்க நம்பிட்டீங்களா?" என்று தம்பி சிரித்துக்கொண்டே திருப்பினபோது என் இடது சிறகுக்கு எதிரே ஐந்து பேஸ் நின்றது. உஎசுகியின் சக்கர வியூகத்துக்காக, சண்டையிட்ட பேஸைப் பின்னால் நிற்கும் புதிய பேஸோடு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்திருந்தேன். அதை வைத்து ஷிங்கெனின் தம்பி நொபுஷிகேயின் பேஸைத் தட்டித் தூக்கிவிட்டான். உண்மைப் போரிலும் நொபுஷிகே அன்றுதான் செத்தார், கன்சுகேயும் அப்படியே.

ஷிங்கெனின் பேஸ் நகர்ந்தால் மொத்தப் படைக்கும் பகடையில் ஒன்று குறையும் என்பது இன்னொரு விதி. இது அருமையாக வேலை செய்தது. எதிரி ஒரு சாண் தூரத்தில் நிற்கும்போது நகராமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கைக்கே தெரிகிறது.

"அண்ணா, கென்ஷின் வாளால வெட்ட, இவர் விசிறியால தடுத்தாராமே. அதுக்கு விதி இல்லையா?"

"அது கதைடா. சிலை வெச்சிருக்காங்க, அதோட சரி."

"அப்ப சிலைக்காவது ஒரு பகடை குடுங்க."

கொடுக்கவில்லை. இரண்டு தளபதிகளை நேருக்கு நேர் மோதவிட ஒரு விதி வைத்தால், மற்ற 31 பேஸையும் விட்டுவிட்டு ஆட்டம் அதைத் துரத்திக்கொண்டு ஓடும்.

பெட்டியிலிருந்து சிவப்புப் பேஸ்கள் ஒருவழியாக வந்தன, நேரே துறையில் அமகசுவின் ஒற்றைப் பேஸில் முட்டிக்கொண்டன. ஆற்றுக்குள் நிற்பவர்களுக்குச் சண்டையில் பலம் குறைவு, அந்த ஒற்றைப் பேஸ் இரண்டு சுற்று தாங்கியது. அதற்குள் சமவெளியில் என் பக்கம் நாலு பேஸ் போய்விட்டது. கடைசியில் பின்புறமிருந்து மோதி நானும் நாலு எடுத்தேன். யார் ஜெயித்தது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, இதில் மட்டும் வரலாறு அப்படியே வந்துவிட்டது.

சக்கர வியூக விதி ரொம்பவே பலமாக இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் பேஸ் மாற்றுவதற்குப் பகடையில் இரண்டைச் செலவழிக்க வேண்டும் என்று வைக்கப்போகிறேன். துறையை இன்னும் சற்று அகலமாக வெட்ட வேண்டும், இரண்டு பேஸ் சேர்ந்து இறங்கும் அளவுக்கு.

இப்போது மேஜையில் இருப்பது உஎசுகி மிச்சம். மூங்கிலுக்குள் இரண்டு சிட்டுக்குருவி என்ற அவர்கள் சின்னத்தை இந்த அளவில் கையால் போடுவது என்னால் ஆகாது. அதனால் படைக்கெல்லாம் பிஷமொன்தென் தெய்வத்தின் முதலெழுத்து மட்டும் எழுதிய வெள்ளைக் கொடி. வெள்ளையில் கறுப்பு என்பதால் வேகமாகப் போகும் என்று நினைக்கிறேன். கென்ஷினுக்கு வெள்ளை முக்காடு போட்டாயிற்று. அமகசுவின் பேஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கொடி கேட்டிருக்கிறான் தம்பி, கொடுக்க வேண்டியதுதான்.