வட்டி மட்டும் கட்டுறோம் மேடம்

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மளிகை, கறி, சீட்டு, குழுக்கடன் என்று பிரியும். திங்கட்கிழமை காலை எங்கள் கிளைக்கு வரும்போது அதில் மிஞ்சியிருப்பதுதான் நகைக்கடன் வட்டி. அரசு வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பின்பாதி பெரும்பாலும் நகைக்கடன் பிரிவிலேயே போயிற்று. வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர் தேய்த்த சட்டையும் சம்பளச் சான்றிதழுமாக வருவார். நகைக்கடனுக்கு வருகிறவர் வீட்டில் என்ன அவசரமோ அந்தக் கோலத்திலேயே வருவார். ஒரு குடும்பத்தின் உண்மையான பண நிலைமை தெரிவது அங்கேதான்.

வேலை எளிது. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் இழைத்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு ஆசிட் வைத்துப் பார்ப்பார். மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, அழுக்கு என்று கழித்து நிகர எடை எழுதுவார். கைச்சங்கிலியின் கொக்கி வேறு தரத்தில் இருந்தால் அதையும் கழிப்பார். பை, சீட்டு, கையெழுத்து, இரட்டைச் சாவிப் பெட்டகம். தாலிக்கொடி வைக்க வருகிற பெண்கள் வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். புதுக் கயிற்றின் மஞ்சள் ரவிக்கைக் கழுத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் எத்தனை வருஷ சர்வீஸ் ஆனாலும் ஒரு கணம் பேனா நிற்கும். பிறகு எழுதத் தொடங்கிவிடுவோம், வரிசை நீளமாக இருக்கும்.

நான் அதிகம் கேட்ட வாசகம் தலைப்பில் இருப்பதுதான். நகைக்கடன் பொதுவாக ஒரு வருஷக் கடன். வருஷ முடிவில் முதலும் வட்டியும் கட்டித் திருப்ப வேண்டும். நடைமுறையில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையை ‘மாற்றி வைப்பது’தான் வழக்கமாக இருந்தது. ‘நகை எங்கீங் போவுது, உங்க பீரோலதானுங் இருக்குது’ என்பார்கள். பத்திரமாக இருப்பது உண்மைதான். ஆனால் நகை அப்படியே இருந்தாலும் கடன் அப்படியே இருப்பதில்லை. தங்கம் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் கடனும் சத்தமில்லாமல் ஏறும்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். மாற்றி வைக்கும் நாளில் நகையை அன்றைய விலைக்குத்தான் மதிப்பிடுவோம். போன வருஷம் ஒரு லட்சம் கிடைத்த நகைக்கு இந்த வருஷம் ஒன்றே கால் லட்சம் வரை தரலாம் என்று கம்ப்யூட்டர் காட்டும். கவுண்டரில் இருப்பவருக்கு இலக்கு உண்டு. ‘மேல பணம் வேணுங்களா?’ என்று கேட்பார். வேண்டாம் என்று சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இருபத்தைந்தாயிரம் கையில் வரும், அதிலேயே இந்த வருஷ வட்டியும் கழிந்துவிடும். தன் பாக்கெட்டிலிருந்து எதுவும் போகாததால் வட்டி கட்டியதாகவே தோன்றாது. 2013 வாக்கில் ஏறக்குறைய 22,000 ரூபாயாக இருந்த ஒரு பவுன், 2020 ஆகஸ்டில் 43,000 ஆனது. 2025 ஜனவரியில் 60,000ஐத் தாண்டியது. அந்த 2020 ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த வரம்பை 2021 மார்ச் வரை 90 ஆக்கியது. கொரோனா காலத்தில் அது பலரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷ விலையேற்றம் அந்தக் குடும்பங்களுக்குச் சொத்தாகச் சேர்ந்திருக்க வேண்டியது. மாற்றி வைக்கும் நாள்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

ஒரு தம்பதி. கணவர் கட்டிங் மாஸ்டர், மனைவி ஓவர்லாக் டெய்லர். 2013இல் பெருமாநல்லூர் பக்கம் மூன்று சென்ட் மனைக்கு முன்பணம் கொடுப்பதற்காக, அந்த அம்மாவின் ஒன்பது பவுனை வைத்து ஒரு லட்சம் வாங்கினார்கள். காரணம் நல்ல காரணம்; வாடகை வீட்டிலிருந்து வெளியே வர வேண்டும். ஆனால் அது அங்கீகாரம் இல்லாத மனை. வீடு கட்டக் கடன் கேட்டால் எந்த வங்கியும் தராது. 2016இல் இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை போட்டது, 2017இல் அவற்றுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது, அதற்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. நகைக்கடன் ஒன்றரை லட்சம் ஆயிற்று. பையன் டிப்ளமோ சேர்ந்தான், இரண்டு லட்சம். 2020இல் கம்பெனி மூடிக் கிடந்த மாதங்களுக்குப் பிறகு இரண்டரையைத் தொட்டது. நான் ஓய்வு பெறும்போது மூன்று லட்சம். ஒரு வருஷம்கூட அவர்கள் வட்டி தவறியதில்லை. வட்டியாகக் கட்டியது மட்டும் இரண்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. எங்கள் கணக்கில் அவர்கள் முதல்தர வாடிக்கையாளர்கள், மேலதிகாரிகள் வந்தால் உதாரணம் காட்டும் அளவுக்கு.

கடன் வாங்கியதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். கடனே வாங்காமல் மனையோ வீடோ வாங்கிய தொழிலாளிக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் நிற்கப்போகிற சொத்தை வருஷா வருஷம் மாற்றி வைக்கிற கடனால் தாங்கிப் பிடித்ததில்தான் சிக்கல். அதற்கும் அவர்களை மட்டும் சொல்ல முடியாது. அங்கீகாரமில்லாத மனைக்கும் வாரக் கூலிக்கும் நீண்ட காலக் கடன் தர எங்களைப் போன்ற வங்கிகள் ஆர்வம் காட்டவில்லை.

நகைக்கடனை எதிரியாகப் பார்ப்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. மூணு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கியிருப்பவர், அதாவது வருஷத்துக்கு 36 சதவீதம் கட்டுகிறவர், நகையை 9 சதவீதத்துக்கு வைத்து அதை அடைப்பது உருப்படியான வேலை. அப்படிச் செய்தவர்களில் தேறியவர்களும் உண்டு, தேறாதவர்களும் உண்டு. தேறியவர்கள் வட்டிக்காரருக்கு வாரா வாரம் கொடுத்த அதே தொகையை நிறுத்தாமல் எங்களிடம் கட்டினார்கள். ஐந்நூறு, ஆயிரம் என்று நகைக்கடன் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் செலுத்தலாம், அன்றிலிருந்து வட்டி குறையும். இது பலருக்குத் தெரியவே தெரியாது. ‘மொத்தமாத்தான் கட்டோணும்னு நெனச்சேனுங்க’ என்பார்கள். கவுண்டரில் யாரும் சொன்னதில்லை, இலக்குக் கூட்டங்களில் எங்களுக்கும் இதைச் சொல்லச் சொன்னதில்லை.

2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. எங்கள் வங்கிக்கு அதில் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் எங்கள் ஆட்களில் சிலர் ‘நமக்கும் வரும்’ என்று ஒரு வருஷம் வட்டி கட்டாமல் இருந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஏல நோட்டீஸ்தான் வந்தது.

சேமிப்பு விஷயத்தில் நான் வங்கிப் பாடத்தை அப்படியே நம்பிக்கொண்டிருந்தவள். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு, உடைத்துக் கடனை அடை என்பது பாடம். எங்கள் கிளைக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எங்களிடம் நகைக்கடன் இருந்தது, அஞ்சலகத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் தொடர் சேமிப்பான ஆர்.டி.யும் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.டி.யில் அறுபதாயிரம் சேர்ந்த சமயம்.

‘அத ஒடச்சுக் கடனக் கட்டிருங்கக்கா, வட்டி மிச்சம்.’

‘ஒடச்சுப்போட்டா அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு மறுக்கா உங்ககிட்டத்தான் கண்ணு வரோணும். இது இருக்கட்டும்.’

அன்று மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நகைக்கடன் வட்டி 9, ஆர்.டி. வட்டி 7க்குச் சற்றுக் கீழே. அறுபதாயிரத்துக்கு வித்தியாசம் வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் பக்கம் வருகிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவரை வைத்துக்கொண்டு, கையில் அறுபதாயிரம் தயாராக இருப்பதற்கு அந்த அக்கா கொடுக்கிற விலை அது. மலிவுதான். அதே அக்காவின் கடன் மூணு ரூபாய் வட்டிக் கடனாக இருந்திருந்தால் வித்தியாசம் பதினேழாயிரத்தைத் தாண்டும், அப்போது ஆர்.டி.யை அன்றைக்கே உடைக்கச் சொல்லியிருப்பேன். கிரெடிட் கார்டு பாக்கியும் அப்படித்தான். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42. அதை வைத்துக்கொண்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுகிற ஐ.டி. பிள்ளைகளும் எங்கள் கிளைக்கு வந்திருக்கிறார்கள். படித்தவர்கள் என்பதால் அவர்களிடம் இட்லிக்கடை அக்காவிடம் பேசியதைவிடக் கடுமையாகப் பேசினேன்.

வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு வேறு மாதிரி அடி விழுந்தது. 2020, 21இல் வட்டி தரைமட்டத்தில் இருந்தது; ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ 4 சதவீதம். 20 லட்சம், 7 சதவீதம், 20 வருஷம், மாதத் தவணை 15,506 என்று வாங்கிப் போனார்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 ஆனது. அதோடு பிணைத்த கடன் 9.5க்குப் போயிற்று. தவணைத் தொகை மாறவில்லை என்பதால் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு வருஷம் கட்டி முடித்தவரின் பாக்கி ஏறக்குறைய 19 லட்சம். 9.5இல் அதற்கு ஒரு மாத வட்டியே 15,050. கட்டுகிற 15,506இல் அசலுக்குப் போவது நானூற்றைம்பது ரூபாய் சொச்சம். இப்படியே கட்டினால் மீதி 18 வருஷம் என்பது 37 வருஷமாக நீளும். ஒருவர் பாஸ்புத்தகத்தை நீட்டி, ‘மேடம், நான் கட்டக் கட்ட மாசம் கூடிக்கிட்டே போகுது, கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு’ என்றார். கம்ப்யூட்டரில் தப்பில்லை. தவணையை 18,400 ஆக்கினால் பழைய 18 வருஷத்திலேயே முடியும் என்று எழுதிக் காட்டினேன். மாதம் 2,900 ரூபாய் கூடுதல். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர் மறுநாளே மனைவியுடன் வந்து கையெழுத்துப் போட்டார். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரிடமே கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை, கம்ப்யூட்டர் தானாகவே நீட்டிவிடும். இப்படி ஏறி இறங்கும் ‘மிதக்கும் வட்டி’ வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது என்பது 2012 முதலே இருக்கிறது. தீபாவளி போனஸில் ஒரு பகுதியை வருஷா வருஷம் அசலில் போட்டவர்கள் என் கிளையில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். இன்றைக்கு அவர்களுடைய பத்திரம் அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

கட்டிங் மாஸ்டர் தம்பதிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கும் பழக்கத்துக்கு ரிசர்வ் வங்கி கெடுபிடி காட்டியது. பல கிளைகளில் முதலையும் சேர்த்துக் கட்டித் திருப்பினால்தான் மறுபடி வைக்க முடியும் என்றார்கள். ஒரே நாள் கைமாத்துக்குத் தனி வட்டி வாங்கும் ஆட்கள் வங்கி வாசலிலேயே முளைத்தார்கள். அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். 2025 அக்டோபர், பவுன் 90,000ஐத் தாண்டியிருந்த நேரம். பேப்பரும் பேனாவும் எடுத்து எழுதினோம். ஒன்பது பவுனில் நாலு பவுன் ஆரத்தை விற்றால் மூன்று லட்சமும் அடையும், மீதி ஐந்து பவுன் வீட்டுக்கு வரும். பழைய நகைக்குக் கடைக்காரர் கழிப்பதைக் கழித்தாலும் சரியாக வரும்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. நகையை விற்பது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகச் செய்கிற காரியமில்லை. அடகு வைக்கலாம், பத்து வருஷம் வைக்கலாம், விற்றால் குடும்பம் விழுந்துவிட்டது என்று ஊர் பேசும். ஆனால் அவரை நிறுத்தியது அது இல்லை. ‘மனை அவுங்க பேர்ல இருக்குதுங்க மேடம். நகை மட்டும் என்னுது. வித்துப்போட்டா எனக்குன்னு என்னங்க இருக்கும்?’ என்றார்.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பையைத் திறந்து மூடிய யாரும், நானும் சேர்த்துத்தான், கேட்காத கேள்வி. குடும்பச் சொத்து என்று நாம் சொல்வதில் கடன் பெண்ணின் கழுத்தில் ஏறுகிறது, பத்திரம் ஆணின் பெயரில் பதிவாகிறது. எங்கள் கிளையின் நகைக்கடன் பைகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தக் கதையாகத்தான் இருக்கும். இப்போது, 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள். இவர்கள் வாங்கியது 2013.

கணவரையும் வரச் சொன்னேன். நல்ல மனுஷர், யோசித்ததே இல்லை என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். மனையில் பாதிப் பாகத்தை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தார். தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், அந்த அம்மாவின் தம்பியிடம் கைமாத்து என்று திரட்டி நகையைத் திருப்பினார்கள். ஆரத்தை விற்று வந்த பணத்தில் தம்பிக்கும் சீட்டுக்கும் கொடுத்தார்கள். வருஷா வருஷம் வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த 27,000 ரூபாயில் மாதம் இரண்டாயிரத்தை அந்த அம்மா தன் பெயரில் பி.பி.எஃப். என்ற அரசு சேமிப்புத் திட்டத்தில் போட ஆரம்பித்திருக்கிறார். பதினைந்து வருஷம் கட்ட வேண்டிய கணக்கு அது, அவருக்கு இப்போது நாற்பத்தாறு. மீதி ஐந்து பவுனை மறுபடி வைக்கச் சொல்லிப் பழைய கிளையிலிருந்து இரண்டு முறை போன் வந்ததாம்.