சீசன்ல எது சுருங்கலாம், எது சுருங்கவே கூடாது

எங்க கிருஷ்ணகிரி பக்கம் வருஷத்தை மாங்காய்க்கு முன்னாடி, மாங்காய்க்கு அப்புறம்னு பிரிச்சுடலாம். நான் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரில கணக்கு பாக்கறேன். பெங்களூரா காய் லாரி லாரியா வந்து நிக்க ஆரம்பிச்சா ராத்திரி பகல் தெரியாது, எடை சீட்டு, தோட்டக்காரங்களுக்கு பணம், கூலி கணக்குன்னு ஓடிட்டே இருக்கும், ஆடி பொறந்து கொஞ்ச நாள்ல மெஷினை எல்லாம் கழுவி மூடிட்டு பாதி பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்ல அத்தை, அதாவது என் மாமியார், பக்கவாதம் வந்து வலது கை கால் வராம படுத்திருக்காங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எனக்குன்னு வெச்சிருக்கற சின்ன சின்ன வழக்கங்களும் இருக்கு.

பெருசா ஒண்ணும் இல்ல. விடியக்காலைல வாசல் தெளிச்சு கோலம், விளக்கு, அப்புறம் ஒரு டம்ளர் டீயோட நோட்டுல நாலு வரி எழுதறது. மாசா மாசம் தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போயி சாம்பல் பூசணில விளக்கு போடறது. சும்மா இருக்கற மாசத்துல புள்ளி வெச்சு பெரிய கோலமா போடுவேன், சீசன்ல நாலு இழையோட முடிஞ்சுடும், சில நாள் தண்ணி தெளிக்கறதோட சரி. அஷ்டமி அன்னிக்கு ஃபேக்டரில லோடு இருந்தா வீட்லயே ஒரு அகல் ஏத்திட்டு கிளம்பிடுவேன்.

எதையும் விடாம தொடர்ந்து பண்ணாதான் பலன்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல. நம்ம வழக்கத்துலயே நிறுத்தறதுக்கும் இடம் வெச்சிருக்காங்களே. சாவு விழுந்த வீட்டு வாசல்ல கோலம் கிடையாது, தீட்டு நாள்ல விளக்கு கிடையாது, வீட்ல ஒருத்தர் போயிட்டா அந்த வருஷம் பண்டிகையே கிடையாது, ஆனா அடுத்த பொங்கல் வரும்போது போன வருஷம் ஏன் விட்டேன்னு யாரும் கணக்கு கேக்கறது இல்ல, பானையை அடுப்புல ஏத்திடறோம். மார்கழில வாசல் அடைச்ச மாதிரி கோலமும் பூசணிப்பூவும் வெக்கறவங்கதான் மத்த மாசத்துல சின்னதா போட்டுட்டு வேலைக்கு ஓடறாங்க.

எங்க அப்பாவுக்கு பென்னாகரம் பக்கம் மானாவாரி காடு. ஆடில மழை பேஞ்சா கடலை போடுவார், மழை தள்ளிப்போனா புரட்டாசில கொள்ளு விதைச்சுடுவார். காட்டை சும்மா போட மாட்டார், கடலை போடலையேன்னு உக்காந்து வருத்தப்படவும் மாட்டார். என் நோட்டு, என் கோலம் எல்லாத்தையும் நான் அந்த மாதிரிதான் பாக்கறேன்.

ஆனா அத்தையோட உடம்புக்கு சீசன் எல்லாம் தெரியாது, இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டி படுக்க வெக்கணும், இல்லைன்னா குதிகால்லயும் இடுப்புக்கு கீழ எலும்பு முட்டற இடத்துலயும் தோல் செவந்து புண்ணு வந்துடும், வந்துட்டா அது ஆற மாசக்கணக்காகும். ஏர் பெட் வாங்கிப் போட்டுட்டோம்னு புரட்டாம விடவும் முடியாது. பிரஷர் மாத்திரை தவறுனா மறுபடி பக்கவாதம் வர்றதுக்கு வாய்ப்பு கூடும். வராத கையோட விரலை தினமும் நீட்டி மடக்கி விடணும், விட்டா அப்படியே இறுகிப்போயிடும்.

அப்புறம் சாப்பாடு. எங்க ஊர்ல களியை யாரும் மெல்லறது இல்ல, உருட்டி குழம்புல தொட்டு அப்படியே முழுங்கறதுதான், அத்தை அறுபது வருஷத்துக்கு மேல அப்படித்தான் சாப்பிட்டிருக்காங்க. பக்கவாதத்துக்கு அப்புறம் முழுங்கற சக்தி கொறைஞ்சதால களி வேண்டவே வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க, புரையேறி நுரையீரலுக்குள்ள போயிட்டா நிமோனியா வந்துடுமாம். தண்ணி கூட சுலபமா போயிடும்னு நாம நெனைக்கறோம், அதுதான் இன்னும் சீக்கிரமா புரையேறும், கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லதுன்னாங்க. அதனால ராகி கஞ்சியை கட்டி இல்லாம கெட்டியா காய்ச்சி, நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சு ஸ்பூன் ஸ்பூனா குடுத்து, முடிஞ்சும் அரைமணி நேரம் படுக்க விடாம பாத்துக்கணும். களி கிண்டற வாசனை வந்தா அத்தைக்கு கோவம் வந்துடும், மூஞ்சியை செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாங்க. அந்த கோவம் எனக்குப் புரியுது, அதனால அவங்க தூங்கின பின்னாடிதான் எங்களுக்கு களி.

அவங்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கு. தலை சீவி பின்னி பொட்டு வெச்ச பின்னாடிதான் வெளி ஆள் யாரும் உள்ள வரணும். பேச்சு சரியா வரலைன்னாலும் இடது கையால கண்ணாடியைக் காட்டிடுவாங்க. என் கோலம் ஒரு நாள் இல்லாம போகலாம், அவங்க பொட்டு போகக்கூடாது. தன்னால பண்ணிக்க முடியாதவங்களுக்கு நாமதான் அதை நிறுத்தாம பாத்துக்கணும்.

சரி, சீசன்ல நான் ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்தா இதெல்லாம் யார் பண்றது? வேலை கொறையக்கூடாதுன்னா ஆளுதான் மாறணும். ராத்திரி புரட்டறது என் வீட்டுக்காரர், அலாரம் வெச்சு எந்திரிப்பார். கஞ்சி காய்ச்சறது, மாத்திரை குடுக்கறது எல்லாம் அவரே கத்துக்கிட்டார். மகன் துணி மாத்தினா அத்தைக்கு கூச்சம், அதனால குளிப்பாட்டறதும் துணி மாத்தறதும் நானும் நாத்தனாரும் மட்டும்தான், அந்த கூச்சத்துக்கு நாம மரியாதை குடுக்கணும். ஆம்பளைய போயி இதெல்லாம் செய்ய வெக்கறியேன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு சர்வேல சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யறவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு வந்திருக்கு. அந்த 88ஐ ஏத்தாம இந்த 289 எப்படி எறங்கும், சொல்லுங்க.

வெளி உதவியையும் கூச்சப்படாம கேக்கணும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க, சுகர் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நர்ஸும் பிசியோவும் வீட்டுக்கே வர ஏற்பாடு இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி பேர் குடுங்க, தானா வருவாங்கன்னு உக்காந்திருக்காதீங்க. மகளிர் உரிமைத்தொகைக்கு பேர் பதியற முகாமையும் 2023ல தருமபுரி தொப்பூர்லதான் தொடங்கி வெச்சாங்க. எனக்கு வர்ற அந்த ஆயிரம் ரூபா அத்தையோட டயபருக்குப் போகுது. முழுசா பத்தாது, ஆனா வீட்ல பாக்கற வேலைக்கும் மதிப்பு உண்டுன்னு ஒத்துக்கிட்டு குடுக்கற காசுன்றதால அதை வாங்கும்போது எனக்கு சந்தோஷமாவே இருக்கு.

இந்த சீசனுக்கு பாலக்கோட்டுல இருந்து நாத்தனார் வந்து தங்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க காட்டுல தக்காளி பறிப்பு அதே நேரத்துல வந்துட்டா கிளம்ப முடியாது, விலை ஏறினா சுத்தமா முடியாது. அதனால எதிர் வீட்டு அக்காகிட்ட பகல்ல ரெண்டு தடவை வந்து புரட்டி விட முடியுமான்னு இப்பவே கேட்டு, எப்படி புடிக்கணும் எங்க தலகாணி வெக்கணும்னு காட்டியும் குடுத்துட்டேன். அவங்க பேத்திக்கு ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்புறம் மதியம் மூணு மணிக்கு மேலதான் முடியாதாம், அந்த நேரத்துக்கு மட்டும் இன்னும் ஆள் பாக்கணும்.