கனடாக் குடியுரிமையிலிருந்து கொக்குவில் காணி வரை

2023 மார்ச் மாதம், ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கனடாக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். காணொளி வழியாக நடந்த வைபவம். தொடங்குவதற்கு முன் அதிகாரி ஒவ்வொருவராக அழைத்து அடையாளம் பார்த்தார். என் முறை வந்தபோது, நிரந்தர வதிவிட அட்டையைக் கமராவுக்கு முன்னால் பிடித்து வெட்டச் சொன்னார். பால் பை வெட்டுகிற கத்தரிக்கோல்தான் கைக்கு எட்டியது. அட்டை தடிப்பு. இரண்டு தரம் அழுத்தித்தான் வெட்டுப்பட்டது.

பின்னேரம் யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு அழைத்து அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பிள்ளை, இனி நீ இலங்கை இல்லையோ?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை அம்மா, பிறந்த நாடு எங்கே போகும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கேட்டதுதான் சரி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, வளர்ந்த ஒருவர் தன் விருப்பத்தில் வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் அந்தக் கணமே இலங்கைக் குடியுரிமை அற்றுப்போகிறது. யாரும் கடிதம் போடுவதில்லை. லாச்சியில் இருந்த என் இலங்கைக் கடவுச்சீட்டில் 2026 வரை காலம் இருந்தது. அடையாள அட்டையும் இருந்தது. கையில் எதுவும் மாறாததால் இழந்தது தெரியவே தெரியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போகிற என் சொந்தக்காரர் பலருக்கு இன்னமும் இது தெரியாது. அதனால்தான் என் கதையை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டையை வெட்டியாயிற்று. குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வர மூன்று கிழமை ஆனது. அது வந்தால்தான் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கனடாக் குடிமகன் கனடாவுக்கு விமானம் ஏறுவதென்றால் கனடாக் கடவுச்சீட்டு வேண்டும். பழைய இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டிப் போய்வர முடியாது. அந்த மூன்று கிழமைக்குள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அண்ணா லண்டனிலிருந்து போனார். நான் ஸ்காபரோவில் இருந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை விறாந்தையை வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், சத்தியப்பிரமாண நாளுக்கும் கடவுச்சீட்டு கைக்கு வரும் நாளுக்கும் இடையில் உங்களால் அசைய முடியாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யார் போவது என்றும் தீர்மானித்து வையுங்கள்.

சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்காமல் மற்ற வேலைகளை முடித்து வைக்கலாம். 50க்கு 70 மில்லிமீற்றர் அளவில் இரண்டு படம் எடுக்க வேண்டும். உங்களை இரண்டு வருடமாவது தெரிந்த, கனடாக் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் உத்தரவாதியாகக் கையெழுத்திட்டு, ஒரு படத்தின் பின்புறத்திலும் எழுதித் தர வேண்டும். சொந்தக்காரர் அல்லாத இருவரின் விபரமும் கேட்பார்கள். பத்து வருடக் கடவுச்சீட்டுக்கு அன்று 160 டொலர். நேரில் கடவுச்சீட்டு அலுவலகத்தில் கொடுத்தால் 10 வேலை நாள், தபாலில் 20. நான் நேரில் போனேன். சான்றிதழின் மூலப்பிரதியைக் கொடுக்க வேண்டும், திருப்பித் தருவார்கள். அதை லாமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கப் பதிவில் நிரந்தர வதிவாளர் என்றிருப்பதைக் குடிமகன் என்று மாற்ற வேண்டும். சான்றிதழோடு போனால் அரை மணித்தியால வேலை. வாக்காளர் பதிவுக்கு வருமான வரிப் படிவத்தில் ஒரு பெட்டியில் சரி போட்டாலே போதும். 2025 ஏப்ரல் 28 பொதுத்தேர்தலில் முதல் தடவையாக வாக்களித்தேன். அன்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சரி, ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். 2023 மே மாதம், கொக்குவிலில் பிறந்து வளர்ந்த நான், இணையத்தில் பயண அனுமதி எடுத்து, 30 நாள் சுற்றுலா விசாவில் அம்மாவைப் பார்க்க வந்தேன். அந்த நாட்களில் சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார். எங்கள் வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் இரண்டு பரப்புக் காணியை விற்கப் போகிறார், வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லை, நான் எடுக்கிறேனா என்று. கிணறு அந்தக் காணி எல்லையில்தான் இருக்கிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் பங்குக் கிணறு. அப்பா குளித்த கிணறு. உடனே ஓம் என்றேன்.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உங்கட பேருக்கு அறுதி உறுதி எழுதேலாது. நீங்கள் இப்ப வெளிநாட்டுக்காரர்." 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும்படி அந்தச் சட்டம் வந்தது. தாய் தகப்பனுக்குப் பின் உரித்தாக வருவதற்கு அதில் விலக்கு உண்டு. விலைக்கு வாங்குவதற்கு இல்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கோ தடையே இல்லை. "அதை எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் இங்கதான் இருப்பன்" என்றார். சித்தப்பாவும் காத்திருக்கச் சம்மதித்தார். எல்லோருக்கும் அப்படி ஒரு சித்தப்பா இருக்கமாட்டார்.

இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. இழந்த பிறகு மீளப் பெறுவது 19(2). இழப்பதற்கு முன்பே விண்ணப்பித்துத் தக்கவைப்பது 19(3). கனடாவில் பரீட்சை முடிந்து சத்தியப்பிரமாண அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து இரண்டாவது வழியை இன்றைக்கே விசாரியுங்கள்.

நான் முதல் வழியில் போனேன். 55 வயதைக் கடந்தவர், கல்வித் தகைமையோ தொழில் தகைமையோ உள்ளவர், இலங்கையில் 25 லட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்து உள்ளவர் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. என் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டம் போதுமாக இருந்தது. பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், கனடாக் குடியுரிமைச் சான்றிதழ், இரண்டு கடவுச்சீட்டுகள், கைரேகை கொடுத்து எடுத்த பொலிஸ் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள்.

பத்திரங்கள் எல்லாம் இருந்தும் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டேன். பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் தமிழில் இருக்கிறது. அதில் ஒரு 'த' வருகிறது. பல்கலைக்கழகச் சான்றிதழில் அந்த 'த' ஆங்கிலத்தில் வெறும் டி (T). கடவுச்சீட்டில் டியும் எச்சும் (TH). விவாகப் பதிவில் மறுபடியும் வெறும் டி. கனடாப் பத்திரங்களில் கணவரின் பெயர் வேறு சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, அந்த ஒரு எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டபோது, ஆங்கிலத்தில் இருந்த நான்கு பத்திரத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒரு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். ஏன் என்று கேட்டபோது பெயர் பிழை என்பதற்கு மேல் விளக்கவில்லை. அன்று அழுதேன்.

பிறகு ஊரில் நின்ற அண்ணா பிரதேச செயலகத்தில் பிறப்புப் பத்திரத்தின் புதுப் பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கூட்டி மொழிபெயர்க்கச் செய்தார். மற்றப் பெயர்களும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்தேன். இந்த வேலையை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு ஐந்து மாதம் மிச்சம்.

2024 கடைசியில் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் வந்தது. அதை வைத்து இலங்கைக் கடவுச்சீட்டும், பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டைக்குப் பதிலாகப் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் எடுத்தேன். கடவுச்சீட்டுக்கு அப்போது கொழும்புக்குப் போனேன். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு ஐயா என் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்து என் முகத்தைப் பார்த்தார். எச் இருக்கிறது என்று தலையாட்டினேன். வடக்கு, கிழக்கு எல்லைகளை வாசித்துவிட்டுக் கடைசியில், கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று வாசித்தார். ஊன்றுகோலோடு வந்து பக்கத்தில் இருந்த அம்மா அந்த இடத்தில் என் கையைப் பிடித்தார்.

இப்போது மகளின் முறை. அவள் 2014இல் ரொறன்ரோவில் பிறந்தபோது நான் இலங்கைப் பிரஜையாகத்தான் இருந்தேன். அதனால் அவள் பிறப்பைக் குடியுரிமைச் சட்டம் 5(2)இன் கீழ் பிந்தியாவது பதியலாம். அதற்குக் கேட்ட முதல் பத்திரமே என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். இந்தத் தடவை ஐந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.